ஜெயபாய் தாண்டிய ஏழாவது கேட்

ஜெயபாய்க்கு நான் ஆறாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தேன். 1999-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் அவளுக்குச் சிட்டி, அதாவது சீட்டு, விழுந்த பணம். ஜூன் பத்தாம் தேதிக்குள் திருப்பித் தருவதாகச் சொல்லி வாங்கினேன். பத்திரம் கிடையாது, சாட்சி கிடையாது. பொன்னுதாஸ் சொன்னால் சொன்னதுதான் என்று உதியன்குளங்கரை ஜங்ஷனில் எனக்கு ஒரு பேர் இருந்தது. அந்தப் பேர்தான் ஈடு.

வியாபாரிகள் சங்கத்து மலருக்கு உம்முடைய வாழ்க்கையை எழுதித் தாரும் என்று கேட்டார்கள். என் வாழ்க்கையை நாலு வரியில் சொல்லிவிடுவேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பதினாறு வயதில் வாடகை சைக்கிள் கடை போட்டவன். ஊரே ரேடியோ முன்னால் உட்கார்ந்திருந்த காலத்தில் வீடியோ கேஸட் கடை திறந்தவன். ஊரெல்லாம் கேஸட் கடை வந்தபோது அதை மூடிவிட்டு, பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையில் முதல் முதலாகக் கம்ப்யூட்டர் விளையாட்டுக் கடை போட்டவன். யாரும் சொல்லித் தரவில்லை, யாரும் தூக்கிவிடவும் இல்லை. அவ்வளவுதான் நான். ஆனால் அந்தக் கோடையில் என் பேர் ரோட்டில் விழாமல் பிடித்தவள் ஜெயபாய். அதனால் எனக்குத் தந்த பக்கத்தை அவளுக்குக் கொடுக்கிறேன்.

என் கடைக்கு அடுத்தது அவளுடைய டீக்கடை. காலையில் ஆப்பமும் கடலையும், சாயங்காலம் ரசவடை. அப்போது அவளுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். புருஷன் கோட்டயம் பக்கம் ரப்பர் வெட்டப் போய் அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டான். அவள் அழுதாளா என்று எனக்குத் தெரியாது. அடுத்த வாரம் பெரிய அடுப்பு வாங்கினாள், அது தெரியும். ஒரே மகள் அஜிஷா. பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள். மார்த்தாண்டத்தில் லேப் டெக்னீஷியன் படிப்புக்கு இடம் கிடைக்கும் போலிருந்தது.

டீக்கடைக்கு முன்னால் ஜெயபாய்க்கு இருந்த தொழிலைச் சொன்னால் இப்போதுள்ளவர்கள் சிரிப்பார்கள். அரிசி கடத்துவது. எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டுக் களியக்காவிளையில், அரிசி விலை குறைவு, கேரளத்தில் இந்தப் பக்கம் கூடுதல். கொண்டுவரக் கூடாது என்று சட்டம். அதனால் பெண்கள் இடுப்பில் கட்டியும் தலையில் வைத்தும் ரப்பர் தோட்டம் வழியாகக் கொண்டுவருவார்கள். ஜெயபாய் பதிமூன்று வயதில் தொடங்கினாள். முதல் வாரமே எல்லைச் சோதனைச் சாவடி கேட்டில் பிடித்தார்கள். ஒரு ஆள் அவளுடைய கெட்டை அவிழ்த்து, பன்னிரண்டு கிலோ அரிசியையும் தார் ரோட்டில் கொட்டிக் காலால் பரத்திவிட்டான். அவள் குனிந்து பொறுக்கப் போனாள். விடவில்லை. அதற்குப் பிறகு பதினைந்து வருஷம் அரிசி சுமந்தாள், ஒரு முறைகூட கேட் வழியாகப் போனதில்லை, ஒரு முறைகூடப் பிடிபட்டதும் இல்லை.

இனி அந்த ஆறாயிரத்துக்கு வருகிறேன்.

திருவனந்தபுரத்தில் ஒரு கடையில் அந்தப் பெட்டியைப் பார்த்தேன். அட்டையில் மலை அளவு ஒரு பறக்கும் பாம்பு, வாயில் நெருப்பு, கீழே வாளோடு ஒருவன். ‘செவன் கேட்ஸ் ஆஃப் வெல்மோர்’. கடைக்காரன் சொன்னான், நாமே அந்த வீரனாக மாறி ஊர் ஊராகப் போகலாம், ஆளோடு பேசலாம், சண்டை போடலாம், ஏழு கேட்டைத் தாண்டி ராஜ்யத்தை மீட்கலாம், ஆறு மாதம் விளையாடினாலும் தீராது என்று. தீராத விளையாட்டு என்றால் தீராத வருமானம்! எனக்கு அங்கேயே உடம்பு சிலிர்த்தது. விளையாட்டு ஆயிரத்து இருநூறு. ஆனால் அது ஓட வேண்டுமென்றால் கம்ப்யூட்டருக்குள் தனியாக ஒரு கார்டு வைக்க வேண்டும், இரண்டு கம்ப்யூட்டருக்கும் சேர்த்து நாலாயிரத்து எண்ணூறு.

ஜெயபாயிடம் போய் நின்றேன்.

"இது அஜிஷாக்க பீஸாக்கும் அண்ணா," என்றாள்.

"ஜூன் பத்துக்கு முன்னால உன் கையில இருக்கும்."

"துண்டு துண்டாட்டு தரப்பிடாது. அம்பதும் நூறுமா வந்தா அடுப்புக்குள்ள போயிரும். ஒண்ணாட்டுத் தரணும்."

"ஒண்ணாட்டு, எண்ணித் தருவேன். நான் ஆராக்கும்?"

"அது எனக்குத் தெரியும். அதுதான் பயமாக்கும்," என்று சிரித்துக்கொண்டே அரிசிப் பானைக்குள்ளிருந்து எடுத்துத் தந்தாள்.

மே முதல் தேதி திறப்பு. வாசலில் குலைவாழை கட்டினேன். இரண்டு கம்ப்யூட்டர், அரை மணி நேரத்துக்குப் பத்து ரூபாய். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ள ரதீஷ் என்று டிப்ளமோ படித்த ஒருவனைச் சம்பளத்துக்கு வைத்திருந்தேன், இருபத்தாறு வயது, நல்ல பிள்ளை, ஆனால் எதற்கும் பயம். முதல் ஆளாகக் கருணாகரன் வந்து உட்கார்ந்தார். ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறவர். என்னோடு படித்தவர், ஆனால் ஐந்தாம் வகுப்பு வரை போனவர், அந்த இரண்டு வகுப்பை நாற்பது வருஷமாகச் சொல்லிக் காட்டுகிறவர்.

திரையில் ஒரு கோடு மெதுவாக நிறையத் தொடங்கியது. நிறைந்தால்தான் விளையாட்டு வரும்.

"ஓய் மொதலாளி, இது எப்ப நிறையும்?"

"பெரிய சாதனம் ஓய். பெரிய சாதனம் வர நேரம் எடுக்கும்."

"அதுக்குள்ள நான் பாறசாலைக்கு ஒரு சவாரி போயிட்டு வாறேன்," என்று எழுந்து போனார். போனார், ஆளை இறக்கினார், வந்தார். கோடு ஒரு விரல் அளவு பாக்கி இருந்தது.

நான் பொய் சொல்லி வியாபாரம் செய்தவனில்லை. அந்த விளையாட்டின் குறையை நானே சொல்லுகிறேன். வீரனுக்குச் சிவந்த முடி, அதனால் எங்கள் ஆட்கள் அவனுக்குச் செம்பன் என்று பேர் வைத்தார்கள். செம்பன் காலில் ஆணி உள்ளவன் மாதிரி நடப்பான். வாளை வீசினால் எதிரியின் உடம்பு வழியாகப் புகையில் போவது போலப் போய்விடும், அவனுக்கு ஒன்றும் ஆகாது. கொள்ளைக்காரர்கள் சுவருக்குள் பாதி புதைந்து நின்று அங்கிருந்தே குத்துவார்கள். எதிரே வருகிற ஒவ்வொரு கிழவனும் இங்கிலீஷில் ஒரு பிரசங்கம் செய்வான், நடுவில் நிறுத்தவே முடியாது. காடு என்று பேர், மூன்றே மரம், அதையே திரும்பத் திரும்ப நட்டிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேல் ஒரு கொடுமை: விளையாடிய வரைக்கும் பதிந்து வைக்க வேண்டுமென்றால் சத்திரத்துக்குப் போய் ஐந்து பொற்காசு கொடுத்துத் தூங்க வேண்டும். அதற்குள் கரண்ட் போனால் எல்லாம் போச்சு, முதலிலிருந்து. இதை உண்டாக்கினவர்களின் ஊரில் கரண்ட் போகாது போலிருக்கிறது. நம் ஊரில் தினமும் போகும்.

கரண்ட் போனாலும் ஓடுகிற பெட்டி ஒன்று வாங்கலாம் மாமா என்று ரதீஷ் தொடக்கத்திலேயே சொன்னான். எனக்குத் தெரியாததா என்று சொல்லிவிட்டேன்.

ஒரு வாரத்தில் கடை காலி. அட்டையில் இருக்கிற பாம்பை ஒருவனும் கண்ணால் பார்க்கவில்லை. கருணாகரன் தினமும் வாசலில் ஆட்டோவை நிறுத்தி, "ஓய், பாம்பு முட்டையிட்டுதா?" என்று கேட்டுவிட்டுப் போவார். மே பன்னிரண்டாம் தேதி என் கையில் எழுபது ரூபாய் இருந்தது. ஜெயபாய் ஒன்றும் கேட்கவில்லை. நாலு மணிக்கு டீ கொண்டு வருவாள், மேசையில் வைப்பாள், திரையை ஒரு நிமிஷம் பார்ப்பாள், போவாள். கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அன்றைக்கு டீ வைத்தவள் போகவில்லை.

"மக்கா ரதீஷே, இவன் என்னத்துக்கு சும்மா நிக்கான்?"

"இது சந்தை அக்கா. இங்க ஒண்ணும் இல்ல. சண்டை அடுத்த ஊருலதான்."

சந்தை அந்த விளையாட்டில் ஒரு அழகு, அதையும் சொல்லியாக வேண்டும். சாயங்கால வெயில், கழுதைகள், ஒரு குழல் சத்தம், மழை வந்தால் கடைக்காரர்கள் சாக்கை இழுத்து மூடுவார்கள். ஒவ்வொரு கடையிலும் ஒரு பலகை, அதில் சாமானின் படம், பக்கத்தில் விலை. ஜெயபாய்க்கு இங்கிலீஷ் தெரியாது. எண் தெரியும்.

"இந்த வெள்ளைப் பொடி எந்தா?"

"உப்பு."

"இஞ்ச நாலு. நேத்து ஒரு மலையூரு காட்டினியே, அங்க?"

ரதீஷ் யோசித்தான். "பதினொண்ணுன்னு தோணுது அக்கா."

ஜெயபாய் டீத்தட்டைக் கீழே வைத்தாள். "எலே, இஞ்ச நாலு, அங்க பதினொண்ணு. பின்ன நீ என்னத்துக்குலே வாளும் கொண்டு திரியிய?"

வாளை விற்றார்கள்! சத்தியமாகச் சொல்லுகிறேன், வீரனின் வாளை விற்று முப்பது பொட்டலம் உப்பு வாங்கினார்கள். செம்பன் உப்போடு நடந்தான். மலையூருக்கு முன்னால் இரண்டாவது கேட். இரண்டு பட்டாளக்காரர்கள் மறித்தார்கள், ஏதோ இங்கிலீஷில் சொன்னார்கள், மூட்டை மொத்தத்தையும் பிடுங்கிக்கொண்டார்கள். செம்பன் வெறுங்கையோடு நின்றான்.

நான் ஜெயபாயின் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு இல்லை. அந்தத் தாரில் கிடந்த அரிசியை அவள் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

திரையில் அந்தக் கேட்டை விரலால் தொட்டுக் கேட்டாள். "கேட் வழியாட்டா போவாவ?"

"வழி அது மட்டும்தான் அக்கா."

"அது கவுர்மென்று போட்ட வழி. ஆளு நடக்குத வழி வேற உண்டு. ஓடைய காட்டு. அந்தப் பாறைக்க பொறத்த காட்டு. ஆங், இஞ்ச எறங்கு."

"இங்க எறங்க முடியாது அக்கா."

"எறங்கிப் பாருலே."

இறங்க முடிந்தது. விளையாட்டை உண்டாக்கியவனுக்கே அந்த வழி தெரிந்திருக்குமா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம். அப்புறம் நாலு நாள் ஜெயபாய் சாயங்காலம் ரசவடையைச் சீக்கிரம் முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். மவுஸைத் தானே பிடித்தாள், ஆப்பச்சட்டியைச் சுழற்றுகிற அதே கைப்பக்குவம். பத்துப் பொட்டலத்துக்கு மேல் சுமந்தால்தான் பட்டாளக்காரன் சந்தேகப்படுகிறான் என்று கண்டுபிடித்தாள். முப்பதையும் ஒன்றாகக் கொண்டுபோகாமல் மரத்தடியில் இறக்கி வைத்து, ஒன்பது ஒன்பதாக எடுத்துப் போனாள். வைத்தது வைத்த இடத்தில் இருந்தது! மழை பெய்தால் பட்டாளக்காரர்கள் குடிசைக்குள் போய்விடுகிறார்கள் என்றும் கண்டுபிடித்தாள். ஒரே ஊரில் நிறைய விற்றால் விலை இறங்குகிறது, இரண்டு நாள் விட்டால் ஏறுகிறது. எல்லாம் நிஜச் சந்தையேதான். சண்டை போடத் தெரியாத எவனோ ஒருவன், ஆனால் சந்தையில் நின்று விலை கேட்டவன், அந்தப் பகுதியை மட்டும் உயிரைக் கொடுத்துச் செய்திருக்கிறான்.

இந்தச் செய்தி ஜங்ஷனில் பரவினது எப்படி என்கிறீர்கள்? தீ பிடித்தது போல! இந்த எல்லையில் பிறந்தவனுக்கு இந்தப் பக்கம் என்ன விலை, அந்தப் பக்கம் என்ன விலை என்பது மூச்சோடு கலந்தது. பாம்பைக் கொல்ல வா என்றால் வராதவர்கள், உப்பு கடத்த வா என்றதும் வரிசையில் நின்றார்கள். லாரி டிரைவர்கள் வந்தார்கள். ஜெயபாயோடு அரிசி சுமந்த ரத்னபாய் மூக்குக் கண்ணாடியோடு வந்து கம்பளி கடத்தினாள். பென்ஷன் வாங்குகிற பழைய கேட் குமாஸ்தா ஒருவர்கூட மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

"அந்த ஓடை வழி எங்களுக்கும் தெரியும்," என்றார் ஒரு நாள். "மழையில நனஞ்சிட்டு ஆரு எறங்குவா?"

"அதுதான எங்களுக்குச் சோறு," என்றாள் ஜெயபாய். கடையே சிரித்தது.

காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம் கரண்ட் கட் வரைக்கும் ஒரு நாற்காலி காலி கிடையாது, ஜூன் பிறக்கும் முன்னால் செம்பன் ஆறு கேட்டைத் தாண்டிவிட்டான். கம்ப்யூட்டர் வாங்கின பேங்க் தவணை, ரதீஷின் சம்பளம், கரண்ட் பில் எல்லாம் போக, ஜூன் மூன்றாம் தேதி என் பெட்டியில் மூவாயிரத்து எழுநூறு ரூபாய். என்னைப் போல விழுந்த இடத்திலிருந்து எழுந்து காட்டுகிறவன் இந்த ரோட்டில் வேறு யார்?

ஆனால் மூவாயிரத்து எழுநூறு ஆறாயிரம் ஆகாது. அதே மூன்றாம் தேதி அஜிஷாவுக்குக் கடிதம் வந்தது. இடம் கிடைத்துவிட்டது. பத்தாம் தேதி பணம் கட்டவில்லை என்றால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அந்தப் பெண் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் கடை வாசலில் வந்து நின்றாள்.

"மாமா, எடம் கிட்டியாச்சு," என்றாள். பணம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இன்னும் இரண்டாயிரத்து முந்நூறு வேண்டும். ஏழு நாள். நான் உட்கார்ந்து யோசித்தேன், அரை மணி நேரம்கூட ஆகவில்லை, வழி கிடைத்துவிட்டது. கல்யாண வீடுகளுக்கு வாடகைக்கு விட்ட இருபத்தொன்பது இஞ்ச் டிவி என்னிடம் இருந்தது. கம்ப்யூட்டரை அதில் மாட்டினால் ஊரே பார்க்கலாம். ஜூன் ஆறு, ஞாயிற்றுக்கிழமை, கோயில் முடிந்து சாப்பிட்டு எல்லாரும் சும்மா இருக்கிற மூன்று மணி. தார்ப்பாய்ப் பந்தல், அதற்கும் மைக்குக்கும் அந்த மூன்று நாள் வருமானம் சரி. டிக்கெட் பத்து ரூபாய்.

கருணாகரனின் ஆட்டோவில் மைக் கட்டி, பாறசாலையிலிருந்து உதியன்குளங்கரை வரை விளம்பரம் செய்தேன். நானே பேசினேன். மைக் கையில் வந்தால் எனக்கு ஒரு வேகம் வரும். "ஆறு கேட்டைத் தாண்டினோம்! ஞாயிற்றுக்கிழமை ஏழாவது கேட்டைத் தாண்டிக் காட்டுவோம்! தாண்டவில்லையென்றால் டிக்கெட் காசு திருப்பித் தரப்படும்!"

கருணாகரன் ஆட்டோவை ஓரமாக நிறுத்திவிட்டார். "ஓய், நீரு என்ன சொன்னீருன்னு ஒமக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சுதான் சொன்னேன்." தெரியாமல்தான் சொன்னேன். வாயிலிருந்து வந்துவிட்டது.

"ஏழாவது கேட்டுல பாம்பாக்கும் இருக்கு."

"இருக்கட்டும் ஓய்."

"நாலாங்கிளாஸ் படிச்சிருந்தா நீரு இப்பிடிப் பேசமாட்டீரு."

ரதீஷ் கேள்விப்பட்டதும் ஓடிவந்தான். "மாமா, அந்தப் பாம்பு நாப்பது வெட்டு வெட்டினாலும் சாகாது. கடை மூடினப்பெறவு தனியா இருந்து நான் பதினாறு தடவ செத்தாச்சு." ஜெயபாய் மட்டும் கடலையைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை இருநூற்று நாற்பத்தொரு டிக்கெட்! எழுதிக்கொள்ளுங்கள், இருநூற்று நாற்பத்தொன்று! பொழியூரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆள். பந்தலுக்குள் இடமில்லாமல் மதில்மேல் உட்கார்ந்தார்கள். இரண்டாயிரத்து நானூற்றுப் பத்து ரூபாய் என் மடியில் கனத்தது, ஆனால் அது இன்னும் என் பணம் இல்லை.

முதலில் ரதீஷ் உட்கார்ந்தான். ஏழாவது கேட். பெரிய கோட்டைச் சுவர், நடுவில் வாசல், வாசலுக்கு மேல் பாம்பு. கடைசியாக ஊர் அந்தப் பாம்பைப் பார்த்தது. ஓ என்று ஒரு சத்தம். ஆனால் இரண்டு நிமிஷத்தில் அந்தச் சத்தம் அடங்கியது. பாம்பு ஒரே இடத்தில் நின்று சிறகை அடித்துக்கொண்டே இருந்தது. வால் சுவருக்குள் மாட்டியிருந்தது. முன்னால் போனால் நெருப்பைக் கக்கும், செம்பன் சாவான், அவ்வளவுதான். வாள் அதன் கால் வழியாகப் போய்வந்தது. ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை செத்தான். ஒவ்வொரு தடவையும் அந்தக் கோடு நிறைய வேண்டும். பின்னாலிருந்து ஒருவன், "பைசா எடுத்து வைங்க மொதலாளி!" என்றான்.

மணி நாலே கால். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. ஜெயபாய் கையைக் கழுவி, சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வந்தாள். ரதீஷ் எழுந்து இடம் கொடுத்தான்.

"மக்கா, இந்தப் பாம்பு தலையத் திருப்புமா?"

"இல்ல அக்கா. அது இந்த விளையாட்டுக்க கேடு. முன்னாலதான் பாக்கும்."

"சுவருக்கு இடத்துப் பக்கம் கல்லு இடிஞ்சு கிடக்கே, அங்க?"

"அங்க ரெண்டு பட்டாளக்காரன் நிப்பான். செம்பனக் கண்டா மணி அடிப்பான்."

"மழ பெய்தா?"

இந்தக் கேட்டில் மழை பெய்கிறவரைக்கும் ரதீஷ் காத்திருந்ததே இல்லை. பாம்பைக் கொல்லத்தானே அவன் பார்த்தான்.

ஜெயபாய் செம்பனைத் திரும்ப நடக்க வைத்தாள். சத்திரத்துக்கு! ஜனம் முனகியது. வாளை விற்று ஒன்பது பொட்டலம் உப்பு வாங்கினாள். ஐந்து காசு கொடுத்துத் தூங்க வைத்தாள். விடிந்தது, வெயில். மறுபடி ஐந்து காசு. வெயில். கையில் இன்னும் ஐந்தே காசு. அதையும் கொடுத்தாள். விடிந்தது. திரையில் மழை!

அதே நேரம் எங்கள் தலைக்கு மேல் இடி இடித்தது.

நான் சொல்லவேண்டியதில்லை, இந்த ரோட்டில் நாலு துளி விழுந்தால் கரண்ட் போகும். உள்ளே மழை வேண்டும், வெளியே மழை வேண்டாம். கரண்ட் போனால் செம்பன் சத்திரத்தில் எழுந்திருப்பான், கையில் ஒரு காசு இருக்காது, அடுத்த மழை எப்போது என்று யாருக்கும் தெரியாது, ஏழாவது கேட்டும் இல்லை, ஆறாயிரமும் இல்லை. தார்ப்பாயில் முதல் துளி விழுகிற சத்தம் கேட்டது. அஜிஷா பந்தல் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரதீஷ் சொன்ன அந்தப் பெட்டியை வாங்காத என்னை நானே திட்டிக்கொண்டேன், வெளியே சொல்லவில்லை.

செம்பன் காலில் ஆணியோடு நடந்தான். அந்த நடையை அன்றைக்கு இருநூற்று நாற்பத்தொரு பேரும் சபித்தார்கள்.

"வேகம் நடலே!" என்று யாரோ கத்தினார்கள்.

கருணாகரன் முன்வரிசையிலிருந்து எழுந்துவிட்டார். "இடத்து! இடத்து! வேலியோரம் பிடி ஜெயபாயி! அங்க குழி உண்டு, ஒடிச்செடு!"

"நீரு வண்டி ஓட்டும், நான் நடந்துக்கிடுதேன்," என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

குடிசை வந்தது. பட்டாளக்காரர்கள் உள்ளே, நெருப்பு காய்ந்துகொண்டு. பழைய குமாஸ்தா, "கண்டிப்பா எறங்கமாட்டானுவ, கண்டிப்பா எறங்கமாட்டானுவ," என்று மந்திரம் போலச் சொல்லிக்கொண்டிருந்தார். இடிந்த கல்மேல் செம்பன் ஏறினான். டிவி படம் ஒரு சாண் சுருங்கியது. விளக்கு மங்கியது. மறுபடி விரிந்தது. கல்லுக்கு அந்தப் பக்கம் செம்பனின் தலை மறைந்தது. பாம்பு முன்னாலேயே பார்த்துக்கொண்டு சிறகடித்துக்கொண்டிருந்தது, அதன் முதுகுக்குப் பின்னால் எங்கள் ஆள் உப்போடு போகிறான்!

தாண்டிவிட்டான்!

நான் கத்தினது எனக்கே கேட்கவில்லை, அப்படி ஒரு ஆரவாரம். அந்தப் பக்கம் என்ன இருந்தது தெரியுமா? ராஜ்யமும் இல்லை, ராஜாவும் இல்லை. பாதி கட்டின ஊர். கதவில்லாத வீடுகள், ஆளில்லாத தெரு. விளையாட்டை உண்டாக்கினவர்களுக்குப் பணமோ நேரமோ தீர்ந்துபோயிருக்க வேண்டும். ஆனால் தெருக்கோடியில் ஒரே ஒரு கடை, ஒரே ஒரு வியாபாரி, பலகையில் உப்புப் படம், பக்கத்தில் தொண்ணூறு.

"தொண்ணூறு!" என்று பந்தல் முழுக்க ஒரே குரல்.

ஜெயபாய் ஒன்பதையும் விற்றாள். எண்ணூற்றுப் பத்துப் பொற்காசு. திரை கறுத்தது, கீழிருந்து மேலாகப் பேர்கள் ஓடின, உண்டாக்கினவர்களின் பேர்கள். சொந்தக்காரன் பேரைக் கண்டது போல எங்கள் ஆட்கள் ஒவ்வொரு பேருக்கும் கை தட்டினார்கள். நடுவில் கரண்ட் போனது. யாரும் கவலைப்படவில்லை.

பின்னாலிருந்த அதே ஆள் விடவில்லை. "பாம்பு சாகல்லியே! பைசாவத் தாரும்!"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். கருணாகரன் முந்திக்கொண்டார். "எலே, மைக்குல சொன்னப்ப வண்டி ஓட்டினவன் நானாக்கும். தாண்டுவோம்னு சொன்னான். கொல்லுவோம்னு சொல்லல்ல. தாண்டியாச்சா இல்லியா? போயி மழைக்கு ஒதுங்குலே!" அப்புறம் என் பக்கம் திரும்பி, "மூணாங்கிளாஸுக்கு இது கொள்ளாம்," என்றார். அந்த மனுஷன் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு.

ஜனம் கலைந்தது. மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது. ஜெயபாய் எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"எப்பிடி உண்டு விளையாட்டு?" என்று கேட்டேன்.

"பணி தீராத வீடு அண்ணா. கூரையும் இல்ல, கதவும் இல்ல. அந்தப் பாம்பு ஒரு பாவம். ஆனா அடுப்பு மட்டும் நல்லா எரியுது," என்றாள். இன்றுவரைக்கும் அந்த விளையாட்டைப் பற்றி இதைவிடச் சரியாக ஒருவரும் சொன்னதில்லை.

நான் பெட்டியைத் திறந்தேன். மடியிலிருந்ததை அதோடு சேர்த்தேன். ஆறாயிரத்து நூற்றுப் பத்து. ரதீஷ் மெழுகுவர்த்தி கொண்டுவரப் போனான், வேண்டாம் என்றேன், எண்ணுகிற அளவுக்கு வெளிச்சம் இருந்தது. அஜிஷா அம்மாவின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஒண்ணாட்டு. எண்ணித் தருவேன்னு சொன்னேனா?"

"சொன்னிய. எண்ணும்."

ஜெயபாய் கையை நீட்டி விரித்தாள். அடுப்புச் சூடு பட்டுத் தடித்த கை. முதலில் நூறு ரூபாய் நோட்டுகள் முப்பத்தேழு, ஒவ்வொன்றாகச் சத்தமாக எண்ணி வைத்தேன். அப்புறம் டிக்கெட் காசு, எல்லாம் பத்து, பாதி மழையில் நனைந்தது. கை நிறைந்தபோது அதை மகளிடம் கொடுத்துவிட்டு மறுபடி விரித்தாள். இருநூற்று இருபத்தெட்டு, இருநூற்று இருபத்தொன்பது. கடைசிப் பத்து ரூபாயை வேட்டியில் துடைத்து, விரித்த அந்தக் கையின் நடுவில் வைத்தேன்.